வழியும் வாயிலும்: யாழ்ப்பாணக் குடாநாட்டுப் போக்குவரத்து வலையமைப்பு – ஒரு வரலாற்று நோக்கு

பெருநகரமொன்றின் வீதிகளைக் கோடுகளாகவும் சந்திகளைப் புள்ளிகளாகவும் கணினியினுள் அமைத்து, அவற்றின்மீது இலட்சக்கணக்கான வாகனங்களை ஓடவிட்டு, அவ்வாகனங்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொண்டால் நெரிசல் எவ்வளவு குறையும் என்று நடத்திப் பார்க்கும் ஆய்வுத்துறையொன்று கடந்த சில தசாப்தங்களில் வளர்ந்துள்ளது. இதனை ஒப்புருவாக்கம் என்பர். ஒவ்வொரு வாகனமும் தான் நிற்கும் இடம், செல்லும் திசை, வேகம் ஆகியவற்றை வினாடிக்குப் பத்து முறையளவில் வானொலி அலை மூலம் அறிவிக்கும். சில நூறு மீற்றர் தூரத்துள் உள்ள பிற வாகனங்கள் அதனைக் கேட்டுத் தம் போக்கை மாற்றிக்கொள்ளும். இதற்கெனத் தனி அலைவரிசையை ஐக்கிய அமெரிக்கா 1999இல் ஒதுக்கியது. ஜெர்மானிய விண்வெளி ஆய்வு நிலையம் 2001 முதல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தத்தக்க வகையில் வழங்கிவரும் 'சூமோ' என்னும் கணினி நிரல், கொலோன் நகரின் ஒரு நாளைய போக்குவரத்து முழுவதையும் நடத்திக் காட்டப் பயன்பட்டுள்ளது.

இலக்கிய வரலாற்றை ஆராய்வோருக்கு இதில் என்ன அக்கறை என வினவலாம். வழி பற்றிய செய்தியை வழிச் செல்வோர் தமக்குள் பரிமாறுவது தமிழிலக்கியத்துக்குப் புதிதன்று. பரிசில் பெற்று மீளும் பாணன், எதிரே வறுமையோடு வரும் பாணனைக் கண்டு, இன்ன வழியாகச் செல், இன்னவை எதிர்ப்படும், இன்னாரிடம் சேர்வாய் என ஆற்றுப்படுத்துகிறான். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வடிவத்தின. உப்பு வணிகரின் வண்டித்தொடரும் சுங்கம் கொள்ளும் பெருவழியும் பெரும்பாணாற்றுப்படையில் இடம்பெறுகின்றன. வழியென்பது ஆங்கு வெறும் நிலப்பரப்பன்று, காவலும் வரியும் உடைய ஒரு சமூக நிறுவனம். அதே வேளையில், ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் ஒரே நாளில் எல்லாப் பாணரும் ஆற்றுப்படுத்தப்பட்டிருந்தால் அவன் வாயிலில் என்ன நேர்ந்திருக்கும் என்ற வினாவைப் புலவர் எழுப்பவில்லை. இன்றைய ஒப்புருவாக்க ஆய்வாளர் எழுப்பும் வினா சரியாக அதுவே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாறு அவ்வினாவுக்கு 1995இல் ஒரு விடையைத் தந்தது. அவ்விடையை விளங்கிக்கொள்ள, வலையமைப்புப் பற்றிய கணிதம் எத்தகைய தேவைகளிலிருந்து பிறந்ததென்பதையும், குடாநாட்டின் வலையமைப்பு எவருடைய தேவைக்கு அமைந்ததென்பதையும் முதலில் நோக்குதல் வேண்டும்.

வீதிப் போக்குவரத்தைப் பாய்பொருளாகக் கருதும் கோட்பாட்டை லைட்ஹில், விதம் என்னும் பிரித்தானியர் இருவர் 1955இல் வெளியிட்டனர். அவர்களது ஆய்வின் முதற்பகுதி நீண்ட ஆறுகளில் வெள்ளம் நகர்வது பற்றியது. இரண்டாம் பகுதியே நெரிசலான சாலை பற்றியது. வெள்ளத்தின் அலையும் வாகன நெரிசலின் அலையும் ஒரே சமன்பாட்டுக்கு உட்படுவன என்பது அவர்கள் கண்ட உண்மை. இதற்கு மூன்றாண்டு முன்னர், 1952இல், வாட்றொப் என்பார் ஒவ்வொருவரும் தத்தமக்குக் குறுகிய நேரமாகும் வழியையே தேர்வர் என்னும் விதியை வகுத்தார். அவ்விதியில் உலாவும் மனிதன் தனியன். தன் நேரத்தை மட்டுமே கணக்கிடுபவன். எந்த வழியையும் தேரும் உரிமையுடையவன். முதலாளித்துவப் பொருளியலின் 'சுதந்திர' மனிதனே ஈண்டு வாகனமேறி வருகிறான் என்பதை உணரப் பெருமுயற்சி வேண்டியதில்லை.

இவற்றினும் நம் கவனத்துக்குரியது மற்றொரு மரபு. 1930இல் சோவியத் ஒன்றியத்தில் ஏ. என். தோல்ஸ்தோய் என்பவர் (நாவலாசிரியர்களான தோல்ஸ்தோய்களுள் எவரும் அல்லர்) புகையிரத வலையமைப்பில் பண்டங்களை மிகக் குறைந்த தூரம் ஏற்றிச் சென்று எல்லா இடங்களுக்கும் சேர்ப்பது எவ்வாறென ஆராய்ந்தார். பத்து உற்பத்தி இடங்கள், அறுபத்தெட்டு நுகர்விடங்கள் கொண்ட கணக்கொன்றை அவர் கையாலேயே தீர்த்தார். கால் நூற்றாண்டின் பின் அதே சோவியத் புகையிரத வலையமைப்பை ஐக்கிய அமெரிக்காவில் ஹரிஸ், றொஸ் என்னும் இருவர் ஆராய்ந்தனர். 44 புள்ளிகளும் 105 இணைப்புகளும் கொண்டதாக அதனை வரைந்த அவர்களது நோக்கம் பண்டம் சேர்ப்பதன்று. மிகக் குறைந்த குண்டுவீச்சில் அவ்வலையமைப்பை எங்கே துண்டிக்கலாம் என்பதே. 1955இல் இரகசியமாக எழுதப்பட்ட அவ்வறிக்கை 1999இல்தான் வெளிப்பட்டது. இவ்வினாவைத் தொடர்ந்தே போர்ட், புல்கேர்சன் ஆகியோரின் புகழ்பெற்ற தேற்றம் 1956இல் அச்சேறியது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பாயக்கூடிய உச்ச அளவு, அவ்விரண்டையும் பிரிப்பதற்குத் துண்டிக்க வேண்டிய இணைப்புகளின் மிகச் சிறிய மொத்தக் கொள்ளளவுக்குச் சமம் என்பது அத்தேற்றம் கூறுவது. சாதாரண மொழியிற் சொல்வதாயின், ஊருக்குள் எத்தனை அகலமான வீதிகள் இருந்தாலும் வாயில் ஒடுங்கியதாயின் வாயிலின் அளவே பாய்ச்சலின் அளவு. ஒரே கணிதம் ஒருபுறம் வழியைத் தேடியது. மறுபுறம் வழியை அறுக்கும் இடத்தைத் தேடியது.

வாயில் ஒடுங்கிய நிலம் என்பதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டை விஞ்சிய எடுத்துக்காட்டு அரிது. கடனீரேரிகளால் வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி எனப் பிரிந்தும், ஆனையிறவுப் பகுதியிலுள்ள ஒடுங்கிய நிலத்தால் மட்டும் பெருநிலத்தோடு ஒட்டியும் கிடப்பது இந்நிலம். வன்னியிற் பிடித்த யானைகள் நீரைக் கடந்து குடாநாட்டுக்குள் கொண்டுவரப்பட்டு ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேறின. ஆனையிறவு என்ற பெயரே அவ்வணிகத்தின் எச்சம். ஒல்லாந்தர் ஆனையிறவிலும் இயக்கச்சி, வெற்றிலைக்கேணிப் பகுதிகளிலும் சிறு கோட்டைகளை அமைத்து இவ்வாயிலைக் காத்தனர். மாதிரியுருக்களில் 'இணைப்பு' எனக் குறிக்கப்படுவதை ஆளும் வர்க்கங்கள் எக்காலத்தும் 'கடவை' என்றே கண்டன என்பது இதனாற் பெறப்படும்.

பிரித்தானியர் காலத்து வீதிகள் எவ்வாறு தோன்றின? 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம் 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அன்றேல் அதற்கீடான பணம் செலுத்த வேண்டும் என விதித்தது. பணம் உள்ளவன் செலுத்தித் தப்பினான், இல்லாதவன் கல்லுடைத்தான். அவ்வாண்டு கண்டிப் பகுதியில் எழுந்த கிளர்ச்சியின் காரணங்களுள் இச்சட்டமும் ஒன்றென்பது அறியப்பட்டதே. குடாநாட்டில் யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் பருத்தித்துறைக்கும் கண்டிக்கும் விரல்களை விரித்தாற்போற் செல்லும் பெருவீதிகள், துறைமுகத்தையும் கச்சேரியையும் புகையிலைத் தோட்டத்தையும் சேர்ப்பன. அவற்றின் இடையிலுள்ள ஒழுங்கைகளின் வரலாறு வேறு. தேசவழமையின்கீழ்ச் சீதனமாகவும் முதுசமாகவும் நிலம் துண்டாடப்படுந்தோறும் வேலிகள் பெருகின. வேலிகளுக்கிடையே எஞ்சிய இடமே ஒழுங்கையாயிற்று. அதனாலேயே அவை நேராகச் செல்வதில்லை. அயலூரவர் இவற்றுள் வழி தவறுவதைக் குடாநாட்டார் நகைச்சுவையாகச் சொல்வர். நிலவுடைமையின் வரைபடம் அது என்பதை எவரும் சொல்வதில்லை.

புகையிரதம் பிந்தியே வந்தது. மலாயாவில் 1885இல் முதற் பாதை திறக்கப்பட்ட பின், அங்குள்ள புகையிரத, நில அளவை அலுவலகங்களை நிரப்பச் சென்ற யாழ்ப்பாணத்து இளைஞர் பலர், தம் சொந்த ஊரில் புகையிரதத்தைக் காணுமுன்னரே பிறர் நாட்டுப் புகையிரதத்தின் கணக்கை எழுதினர். காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 1902 மார்ச்சில் சேவை தொடங்கியது. 1905 ஓகஸ்டில் கொழும்புக்கான தொடர்பு நிறைவெய்தியது. சுருட்டும் புகையிலையும் தெற்கே சென்றன, எழுதுவினைஞரும் சென்றனர், மாதந்தோறும் காசுக்கட்டளை திரும்பி வந்தது. 'யாழ்தேவி' 1956இல் ஓடத் தொடங்கியபோது அது ஒரு வர்க்கத்தின் நாளாந்த வாழ்வுக்கே பெயராயிற்று.

மோட்டார் பஸ் வந்ததும் வழி அனைவருக்கும் பொதுவாயிற்று என்று கொள்வது தவறு. 1930களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பஸ் ஆசனத்தில் அமர விடப்படவில்லை. தட்டில் இருந்தோ பின்னால் நின்றோ சென்றனர். ஒரே வண்டி, ஒரே கட்டணம், ஒரே வழி. ஆயினும் பயணம் இரண்டு. வாகனத்தை ஒரு புள்ளியாகக் காணும் எந்த மாதிரியுருவிலும் இது புலப்படாது. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் வந்தது. தனியார் பஸ் கம்பனிகள் 1958 சனவரி முதலாம் திகதி தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. சட்டத்தால் மட்டும் மனம் மாறவில்லை என்பதற்குத் தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் 1960களின் பிற்பகுதியில் நடந்த போராட்டங்கள் சான்று. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம், பொலிசாரின் தடியடியை மீறிக் காங்கேசன்துறை வீதி வழியே சென்றது. புகையிலையும் உத்தியோகத்தரும் சென்ற வீதியில் முதன்முறையாக ஒரு கோரிக்கை சென்றதெனலாம். டானியலின் நாவல்கள் இக்காலத்தை எழுதின. ஆனால் வண்டியும் வீதியும் நமது விமரிசனத்தில் பின்புலமாகவே தங்கிவிட்டன.

1970களில் வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதனால் குடாநாட்டுத் தோட்டக்காரர் சிறிது காலம் செழித்தனர். லொறிகள் இரவோடிரவாகக் கண்டி வீதியாற் கொழும்புச் சந்தைக்கு விரைந்தன. உள்ளூரிற் பண்டமும் ஆளும் ஒருங்கே ஏறும் தட்டிவான்கள் கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடின. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் இச்செழிப்புச் சரிந்தது. வீதி மாறவில்லை, வீதியில் ஏறும் சுமை மாறிற்று.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது புகையிரதம் நின்றது. பின்னர் ஆனையிறவு வழி அடைபட்டது. பெற்றோலும் மின்கலமும் சீமெந்தும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. பழைய ஏ40 கார்கள் சில துளி பெற்றோலிற் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. பெரும்பாலோர் சைக்கிளுக்கு மாறினர். அச்சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி மின்னெடுத்து வானொலிச் செய்தி கேட்டதும் இக்காலமே. செய்தி வாங்கும் வாகனம் பற்றி இன்று எழுதுவோர், சக்கரத்தைக் கையாற் சுற்றிச் செய்தி வாங்கிய ஒரு சமூகம் இருந்ததென அறியார்.

வாயில்கள் அடைபட்டதும் புது வாயில்கள் நீரில் தோன்றின. கொம்படி, ஊரியான் வெளிகளில் முழங்காலளவும் இடுப்பளவும் நீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மக்கள் பெருநிலத்துக்குச் சென்றனர். பின்னர் கிளாலியில் இரவில் வள்ளங்கள் கடனீரேரியைக் கடந்தன. 1993 சனவரித் தொடக்கத்தில் அவ்வழியில் கடற்படையினரின் தாக்குதலில் பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். எனினும் கடத்தல் ஓயவில்லை. கடந்து வந்தவர் கடக்கப் போகிறவருக்கு உரைத்த சொல்லே அங்கு வழிகாட்டி. ஆற்றுப்படையின் வடிவம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாறு மீண்டது. வழியின் முடிவிற் புரவலன் மட்டும் இல்லை.

1995 ஒக்டோபரில் இராணுவம் வலிகாமத்தினுள் முன்னேறிக்கொண்டிருந்தது. அம்மாதம் 30ஆம் நாள், எல்லோரும் உடனே தென்மராட்சிக்கு வெளியேற வேண்டும் என விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கி மூலம் அறிவித்தனர். நான்கு, ஐந்து இலட்சம் எனக் கணிக்கப்படும் மக்கள் அன்று மாலை முதல் வீதிக்கு வந்தனர். வல்லை வழியும் கோப்பாய்–கைதடி வழியும் போர்முனையை அடுத்திருந்தமையால் எஞ்சிய பிரதான வாயில் செம்மணி, அரியாலைப் பக்கமாகச் சென்று நாவற்குழிப் பாலத்தைக் கடப்பதே. மழை பெய்துகொண்டிருந்தது. சாதாரண நாளில் சைக்கிளிற் சிறிது நேரத்திற் கடக்கும் தூரத்தைக் கடக்கப் பலருக்கு இரவு முழுவதும் பிடித்தது. ஓரடி வைத்தால் நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தது. முதியோரும் நோயாளரும் கைவண்டிகளிலும் சைக்கிள் சட்டங்களிலும் இருத்தித் தள்ளப்பட்டனர். வழியிலே இறந்தோர் உளர். பிறந்த குழந்தைகளும் உள.

இந்நிகழ்வை வலையமைப்புக் கணிதத்தின் கண்கொண்டு நோக்குவோமாயின் ஒரு செய்தி துலங்கும். செய்தி அன்று குறைவுபடவில்லை. ஒவ்வொருவர் செவிக்கும் ஒரே செய்தி ஏறத்தாழ ஒரே நேரத்தில் எட்டியது. இணைக்கப்பட்ட வாகனங்கள் பற்றிய கற்பனையில் விரும்பப்படும் நிலை அதுவே. நெரிசலை உண்டாக்கியதும் அதுவே. சாரதிகளுக்குத் தகவல் வழங்கும் முறைகளை ஆராய்ந்த பென்-அகீவா, டி பால்மா, கைசி ஆகியோர் 1991இலேயே இதனை எச்சரித்திருந்தனர்: ஒரே தகவலைப் பெற்ற பலரும் ஒரே வழியிற் குவிவர், குவிவதால் நல்வழி தீவழியாகும். செய்தி பயனளிப்பதற்கு மாற்று வழி வேண்டும். மாற்று வழி இருப்பதும் இல்லாதிருப்பதும் கணினியின் கையில் இல்லை. நாவற்குழியில் அதனைத் தீர்மானித்தவை முன்னேறிய படையும், வெளியேறுமாறு பணித்த இயக்கமும், நூற்றாண்டுக் காலமாக ஒரு வாயிலையே போதுமெனக் கொண்ட வீதியமைப்பும் ஆகும். தன் நேரத்தை மட்டும் கணக்கிடும் வாட்றொப்பின் தனியனும் அன்று அங்கு இல்லை. தாயைத் தள்ளிச் செல்லும் மகன் முன்னாலுள்ளவனைக் கடந்து செல்லவில்லை. அயலூரார் தமக்குள் நீரும் சோறும் பகிர்ந்தனர். மாதிரியுருவின் மனிதன் எத்துணை வறியவன் என்பதை அவ்விரவு காட்டிற்று. ஆயினும் கணிதத்தை நாம் புறந்தள்ளவில்லை. வாயிலின் அளவே பாய்ச்சலின் அளவென்ற அதன் கூற்று அவ்விரவில் முழுமையாக மெய்ப்பட்டது. வருத்தம் யாதெனில், அதனை முன்கூட்டிக் கணிக்க வல்லோர் வழி அறுப்போரின் பணியில் இருந்தனரேயன்றி, வழி நடப்போரின் பணியில் எவரும் இருக்கவில்லை.

அதன் பின்னரான மாற்றங்களைச் சுருங்கச் சொல்லலாம். கண்டி வீதி 2002 ஏப்ரலில் திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்த 2009இன் பின்னர் நிலையாகத் திறந்தது. சங்குப்பிட்டியில் 2011 சனவரியில் பாலம் திறக்கப்பட்டமையால், பூநகரி வழியாகப் பெருநிலத்துக்கு இரண்டாவது வாயில் கிடைத்தது. குடாநாட்டுப் போக்குவரத்து வரலாற்றில் இதனை நாம் புகையிரதத்தின் மீள்வருகையினும் மேலாக மதிப்போம். புகையிரதம் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 சனவரியில் காங்கேசன்துறைக்கும் மீண்டது எனினும், அது பழைய வாயிலின் வழியேதான் வருகிறது.

கொழும்புப் பெருநகரப் பகுதிக்கு யப்பானிய உதவியோடு விரிவான போக்குவரத்து ஆய்வு நடத்தப்பட்டு 2014இல் நிறைவெய்தியது. வீடு வீடாகச் சென்று, யார் எங்கிருந்து எங்கே எப்போது செல்கின்றனர் எனக் கேட்டே அத்தகைய ஆய்வுகள் தம் அட்டவணைகளை ஆக்குகின்றன. நாளை குடாநாட்டுக்கும் அவ்வாறொன்று அமையுமாயின் அது இன்றுள்ள வீடுகளைக் கேட்கும். இன்றுள்ள வீதிகளை வரையும். வலிகாமம் வடக்கில் உயர்பாதுகாப்பு வலயத்தினுள் பல்லாண்டு மறைந்திருந்த வீதிகள், இருந்த இடந்தெரியாது அழிந்த ஒழுங்கைகள், கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்தவாறு காணியை மட்டும் இங்கே வைத்திருப்போரின் வெற்று வளவுகள் ஆகியவை எந்தப் புள்ளியிலும் சேரா. இணைப்பு ஒவ்வொன்றுக்கும் கொள்ளளவு எழுதுவது போல, அது எந்த ஆண்டு திறந்தது, எந்த ஆண்டு மூடப்பட்டது, யார் மூடினர் என்பதும் எழுதப்பட வேண்டும். இது பொறியியலாளரின் வேலையன்று எனின், வரலாற்று மாணவரின் வேலையாகும்.

குறிப்பாக ஒரு பணி காத்திருக்கிறது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இன்ன ஊரவர் இன்ன நேரம் புறப்பட்டு இன்ன நேரம் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தனர் என்பதைக் கேட்டு எழுதினால், எந்த அளவீட்டிலும் கிடையாத அட்டவணையொன்று உருவாகும். லைட்ஹில் கூறிய அலை எங்கே தொடங்கி எவ்வளவு தூரம் பின்னோக்கிப் படர்ந்தது என்பதையும் அதனைக்கொண்டு வரைந்துவிடலாம். 1996 ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்தின் வசமானபின் அவர்களிற் பெரும்பாலோர் வலிகாமத்துக்குத் திரும்பினர். திரும்பிய நாள்களையும் அதனோடு கேட்டு எழுதலாம். அவ்விரவில் சைக்கிள் சட்டத்தில் இருந்து சென்ற சிறுவர் இன்று முப்பதைத் தாண்டியோர். தள்ளிச் சென்றோருட் பலர் முதுமையடைந்துவிட்டனர். சிலர் இப்போது இல்லை.